வெளிநாட்டு மாணவர்களால் ஒரு நாட்டுக்கு உண்மையில் எவ்வளவு வரவு?

ஆலமரத்தடி

ஆஸ்திரேலியாவின் ஏற்றுமதிப் பட்டியலில் இரும்புத்தாது, நிலக்கரி, இயற்கை எரிவாயு, அதற்கு அடுத்து கல்வி. 2023இல் மட்டும் 4,780 கோடி ஆஸ்திரேலிய டாலர். பிரிட்டனில் 2021-22இல் புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டு மாணவர்களால், அரசுக்கு ஆகும் செலவெல்லாம் போக, 3,740 கோடி பவுண்டு நிகர வரவு என்று ஓர் ஆய்வு சொல்கிறது. அமெரிக்காவில் 2023-24 கல்வியாண்டில் 4,380 கோடி டாலர், கூடவே 3,78,175 வேலைகள்.

ஆனால் இப்படிச் சம்பாதிக்கும் நாடுகள்தான் 2024 தொடங்கி வரிசையாகக் கதவைச் சாத்துகின்றன. கனடா படிப்பு அனுமதிக்கு உச்சவரம்பு போட்டது. ஆஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 710 டாலரிலிருந்து 1,600 ஆக்கியது, அடுத்த ஆண்டே 2,000 ஆக்கியது. முதுநிலை படிக்க வருகிறவர்களில் ஆராய்ச்சி மாணவர்களைத் தவிர மற்றவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்று பிரிட்டன் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வருகிற லட்சுமியை யாராவது விரட்டுவார்களா? ஒன்று இந்த எண்கள் ஊதிப் பெருக்கியவை, இல்லை அரசியல்வாதிகளுக்குக் கணக்குத் தெரியவில்லை. எது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு

எண்கள் பொய்யில்லை. அவை எந்தக் கேள்விக்கு விடை என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஏற்றுமதி என்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று முதலில் பார்ப்போம். ஒரு நாடு மற்ற நாடுகளோடு நடத்தும் வரவுசெலவுக் கணக்கை எழுதுவதற்குப் பன்னாட்டு நிதியம் ஒரு விதிநூல் வைத்திருக்கிறது. அதன் பொது விதிப்படி, ஓராண்டுக்கு மேல் ஒரு நாட்டில் தங்கினால் நீங்கள் அந்த நாட்டுவாசி. மாணவர்கள், மருத்துவம் பார்க்க வந்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. நான்கு வருடம் இருந்து படித்தாலும் மாணவர் சொந்த நாட்டுவாசியாகவே இருப்பார். அதனால் அவர் கட்டும் கல்விக் கட்டணம், வாடகை, பேருந்துச் சீட்டு, செல்போன் பில் எல்லாமே ஏற்றுமதி ஆகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே ஆஸ்திரேலியாவில் 16 மாதத்தில் 12 மாதம் இருந்துவிட்டால் மக்கள்தொகைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பில் சேர்ந்தவரைப் பொதுவாக வரித்துறையும் உள்ளூர்வாசியாகத்தான் நடத்தும். ஆக, வரி வாங்கும்போது உள்ளூர்க்காரர், தலையை எண்ணும்போது உள்ளூர்க்காரர், ஏற்றுமதிக் கணக்கு எழுதும்போது மட்டும் வெளியூர்க்காரர்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு மாணவி ஆண்டுக்கு 60,000 டாலர் செலவழிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வந்தது 35,000. மீதி 25,000 அங்கேயே பார்ட் டைம் வேலை பார்த்துச் சம்பாதித்தது. செய்தித்தாளில் வரும் ஏற்றுமதி 60,000. வெளியிலிருந்து நாட்டுக்குள் வந்த பணம் 35,000 மட்டும்.

ஆலமரத்தடி

அப்படியென்றால் 25,000 கள்ளக்கணக்கா?

பேரேடு

இல்லை, யாரும் ஏமாற்றவில்லை. அந்த 25,000 அதே ஆவணத்தில் வேறொரு பக்கத்தில் 'வெளிநாட்டவருக்குக் கொடுத்த ஊதியம்' என்று செலவாகப் பதிவாகும். வரவுப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு வந்து தலைப்புச் செய்தி போடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

பேரேடு தம்பி சொன்னது சரி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த 25,000 சும்மா கொடுத்ததில்லையே. அந்தப் பெண் முதியோர் இல்லத்திலோ சமையற்கட்டிலோ வேலை செய்திருக்கிறாள். அவள் உழைப்பால் உண்டான மதிப்பு கூலியைவிட அதிகம் என்பதால்தான் முதலாளி வேலைக்கு வைத்திருக்கிறார். எனவே அந்தப் பணத்தை ஏற்றுமதி என்று கொண்டாடுவதும் தப்பு, ஒன்றுமில்லை என்று தள்ளுவதும் தப்பு. அது தொழிலாளர் சந்தைக் கணக்கில் சேர வேண்டியது.

இன்னொன்று. செலவு வேறு, உற்பத்திக்குச் சேரும் மதிப்பு வேறு. கனடா அரசே 2022ஆம் ஆண்டுக்கு இரண்டு எண்களைத் தந்தது: மாணவர்கள் செலவழித்தது 3,730 கோடி கனடிய டாலர், அதனால் உள்நாட்டு உற்பத்திக்குச் சேர்ந்தது 3,090 கோடி. நடுவில் உள்ள 640 கோடி எங்கே போனது என்று பையன்களிடம் கேட்டால் முழிப்பார்கள். மாணவர் வாங்கும் மடிக்கணினியும் சட்டையும் இறக்குமதிதானே? அந்தப் பணம் வந்த வழியே வெளியே போய்விடுகிறது.

முகில்வண்ணன்

ஆய்வைச் செய்யச் சொன்னது யார் என்பதையும் பாருங்கள். அந்த 3,740 கோடி பவுண்டு கணக்கைக் கேட்டு வாங்கியவர்களில் பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு உண்டு, மாணவர்களைச் சேர்த்துவிட்டுச் சம்பாதிக்கும் தனியார் கல்வி நிறுவனமும் உண்டு. அமெரிக்கக் கணக்கை வெளியிடுவது பன்னாட்டுக் கல்வித் துறையினரின் சங்கம். மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே கேட்டால் என்ன சொல்லுவார்?

யாழினி

முகில் அண்ணா, யார் கேட்டாலும் கணக்கு கணக்குதான். வழிமுறையைப் பார்க்காமல் தள்ளிவிட முடியாது. அந்த பிரிட்டன் ஆய்வு மொத்த வரவு 4,190 கோடி பவுண்டு என்கிறது. அதிலிருந்து பொதுச்சேவைகளுக்கு ஆகும் செலவையும் கழிக்கிறது: மருத்துவம், கூட வரும் பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் சேர்த்து 440 கோடி. பெரும்பாலான ஆய்வுகள் அதைக்கூடச் செய்வதில்லை. எனக்கு இடிப்பது வேறு இடம். ஒரு பவுண்டு கைமாறிக் கைமாறிப் பல பவுண்டு ஆகிறது என்று பெருக்குகிறார்களே, அந்தப் பெருக்கம். மாணவர் வராவிட்டால் அந்த விரிவுரையாளரும் கடைக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார்கள் என்று மறைமுகமாக வைத்துக்கொள்கிறது. வேலையின்மை அதிகமுள்ள ஊரில் அது ஓரளவு உண்மை. ஆள் பற்றாக்குறையுள்ள பெருநகரத்தில் அவர்கள் வேறு ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள்.

நான் பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன், பெயர் வேண்டாம். பணம் எங்கே போகிறது என்பதை அங்கே நேராகப் பார்க்கலாம். உள்நாட்டு மாணவருக்கான கட்டணம் 2017இல் 9,250 பவுண்டு. விலைவாசி எவ்வளவோ ஏறியும் 2025 வரை அதே 9,250. 2025-26 கல்வியாண்டில்தான் 9,535 ஆனது. ஆராய்ச்சிக்கு வரும் நிதியோ உண்மையான செலவில் 70 சதவீதத்தைக்கூட எட்டாது. ஒவ்வோர் உள்ளூர் மாணவரிடமும் நட்டம், ஒவ்வோர் ஆய்விலும் நட்டம். அந்த ஓட்டையை அடைப்பது வெளிநாட்டு முதுநிலை மாணவர் கட்டும் பணம். இது எந்த ஏற்றுமதிப் புள்ளிவிவரத்திலும் தெரியாது. என்னைக் கேட்டால் மெய்யான பொருளாதாரப் பயன் இதுதான்: உள்ளூர்ப் பிள்ளையின் படிப்பும் நாட்டின் ஆய்வகங்களும் வேறொருவர் காசில் ஓடுகின்றன.

ஆகஸ்ட் வந்தால் எங்களுக்கு வாரம்தோறும் ஓர் அட்டவணை வரும். எத்தனை பேருக்கு இடம் கொடுத்தோம், எத்தனை பேர் முன்பணம் கட்டினார்கள், எத்தனை பேருக்கு விசா வந்தது என்று நாடுவாரியாகப் பிரித்திருப்பார்கள். 2023இல் நைஜீரியா தன் நாணயத்தைச் சந்தை விலைக்கு விட்டதும் நைரா சரிந்தது. அட்டவணையின் நைஜீரியா வரிசையில் 'இடம் கொடுத்தோம்' கட்டத்துக்கும் 'முன்பணம்' கட்டத்துக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எங்கேயோ ஒரு மத்திய வங்கி எடுத்த முடிவால் இங்கே இரண்டு ஒப்பந்த விரிவுரையாளர் இடங்கள் நிரப்பப்படாமல் போயின.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அருமை, யாழினி. அமெரிக்காவிலும் இதே கதைதான். பொருளியலாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள்: மாநில அரசு தரும் நிதி 10 சதவீதம் குறைந்தால், பொதுத்துறை ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் சேர்க்கை சுமார் 12 சதவீதம் ஏறுகிறது. அரசு கையை விட்டதும் வெளியே கையேந்துகிறார்கள்.

கனடாவில் இது முற்றிப்போயிற்று. ஒன்டாரியோ மாநிலத் தணிக்கையாளர் 2021இல் சொன்னதைப் பாருங்கள். அரசுக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர்கள் 30 சதவீதம். அவர்கள் கட்டியதோ மொத்தக் கட்டண வருமானத்தில் 68 சதவீதம்! உள்ளூர்க் கட்டணத்தை 2019இல் 10 சதவீதம் குறைத்து உறைய வைத்ததும் அதே மாநில அரசுதான். குறைத்த பெயர் அவர்களுக்கு, பில் வெளிநாட்டுப் பெற்றோருக்கு.

வாடகைக்குடி

எல்லாரும் பல்கலைக்கழகத்தையே பேசுகிறீர்கள். நான் வாடகை வீட்டில் இருப்பவன். பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம், முதலாளிக்கு மலிவான ஆள், வீட்டு உரிமையாளருக்கு வாடகை உயர்வு. எனக்கு? வீடு பார்க்கப் போனால் வாசலில் நீண்ட வரிசை. நாட்டுக்கு லாபம் என்றால் அந்த நாட்டில் நான் இல்லையா?

2023 முடிவில் கனடாவில் படிப்பு அனுமதி வைத்திருந்தவர்கள் 10 லட்சத்துக்கு மேல். அத்தனை பேருக்கும் வீடு எந்தக் கல்லூரி கட்டியது? சேர்க்கிறவர் ஒருவர், இடம் தர வேண்டியவர் இன்னொருவர்.

பேரேடு

வாடகைக்குடி, உங்கள் கேள்வி நியாயமானது. வாடகை ஏறினால் நாட்டுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. உங்கள் சட்டைப்பையிலிருந்து உங்கள் வீட்டு உரிமையாளரின் சட்டைப்பைக்குப் போகிறது. தேசியக் கணக்கில் அது கூட்டிக்கழித்துப் பூச்சியம், உங்கள் கணக்கில் பூச்சியம் இல்லை. மாணவர்களால் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்று பிரித்துச் சொல்லாத எந்த ஆய்வும் வாடகைக்கு இருப்பவரின் வாயை அடைக்காது. வாக்குப்பெட்டியில் அவர் பேசிவிடுவார். ஆலமரத்தடி கேட்டாரே, அரசியல்வாதிக்குக் கணக்குத் தெரியாதா என்று. நன்றாகவே தெரியும். லாபம் சில இடங்களில் குவிகிறது, சுமை பலர் மேல் பரவுகிறது, வாக்கு அந்தப் பலரிடம் இருக்கிறது.

ஆனால் அளவையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி போட்ட மதிப்பீட்டின்படி ஓராண்டில் கூடுதலாக 50,000 பேர் வந்தால் தனியார் வாடகை ஏறுவது அரை சதவீதம் மட்டும். வீட்டுப் பஞ்சத்துக்குக் கட்டுமானச் செலவு, வட்டி, எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் நில வரையறைச் சட்டம் என்று பல காரணங்கள் உண்டு. விமான நிலையத்தில் பெட்டியோடு இறங்குகிறவர் கண்ணில் படுகிறார், நில வரையறைச் சட்டம் படுவதில்லை.

வாடகைக்குடி

அரை சதவீதம் நாடு முழுக்கச் சராசரி. மாணவர்கள் நாடு முழுக்கவா குடியிருக்கிறார்கள்? பல்கலைக்கழகத்தைச் சுற்றி நான்கு பேட்டையில்.

பேரேடு

அது சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன், சராசரி அங்கே உதவாது.

பனித்துளி

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே கதையே வேறு, யாரும் தொடவில்லை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு முடக்கப்பட்ட கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்போ இந்த நாடு முட்டாளா?

கணக்கை எங்கே போடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். 22 வயதில் ஒருவர் வந்து இறங்குகிறார். பிறந்ததிலிருந்து இளநிலைப் பட்டம் வரை அவருக்கான செலவை வேறொரு நாடும் அவருடைய பெற்றோரும் ஏற்றுவிட்டார்கள். இங்கே முதுநிலைக்கு இரண்டு வருடம் செலவு. அப்புறம் அவர் தங்கிவிட்டால் நாற்பது வருட வரியும் ஓய்வூதியப் பங்களிப்பும். கொலோன் நகரப் பொருளாதார ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டது: 2022இல் படிப்பைத் தொடங்கிய சுமார் 80,000 வெளிநாட்டு மாணவர்கள், அவர்களில் 40 சதவீதம் பேர் தங்கினால், வாழ்நாளில் அரசிடமிருந்து பெறுவதைவிட சுமார் 1,550 கோடி யூரோ அதிகமாகத் திருப்பித் தருவார்கள்.

ஆஸ்திரேலியா மாணவரை வாடிக்கையாளராகப் பார்க்கிறது, ஜெர்மனி நாளைய வரிகட்டுபவராகப் பார்க்கிறது. மூப்படையும் நாட்டுக்கு இரண்டாவதுதான் பெரிய தொகை. ஸ்வீடன் 2011இல் வெளியாருக்குக் கட்டணம் போட்டதும் புதிய மாணவர் வரத்து படுத்தேவிட்டது. வாடிக்கையாளரும் போனார், வரிகட்டுபவரும் போனார்.

முகில்வண்ணன்

தங்கினால்! அந்த ஒரு சொல்லின் மேல்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது. படித்து முடித்தவருக்கு ஜெர்மன் மொழி வரவில்லை, வேலை கிடைக்கவில்லை, வேறு நாட்டுக்குப் போய்விட்டார் என்றால் ஜெர்மானிய வரிப்பணத்தில் வேறு நாட்டுக்கு ஒரு பொறியாளர் இனாம்.

பனித்துளி

உண்மை. அதனால்தான் படித்து முடித்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். பிரிட்டன் 2012இல் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை ஒழித்தது, 2021இல் இரண்டாண்டு என்று திரும்பக் கொண்டுவந்தது, இப்போது மறுபடி குறைக்கிறது. நாற்பது வருடக் கணக்கைத் தேர்தலுக்குத் தேர்தல் மாற்றி எழுதினால் எந்த மாணவர் நம்பி வருவார்?

ஆலமரத்தடி

அமெரிக்காவை விட்டுவிட்டோமே. அங்கே 100 கோடி டாலர் மதிப்பைத் தாண்டிய புத்தாக்க நிறுவனங்களில் நான்கில் ஒன்றின் நிறுவனர்களில் ஒருவராவது அங்கு வெளிநாட்டு மாணவராக வந்தவர் என்று 2022இல் ஒரு கணக்கு வந்தது. 582இல் 143.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அடுத்த வரியில் சுந்தர் பிச்சை வருவார் என்று எதிர்பார்த்தேன். அந்த 143 உண்மைதான், ஆனால் லாட்டரியில் ஜெயித்தவர்களை மட்டும் எண்ணிச் சீட்டின் மதிப்பைச் சொல்வது மாதிரி ஆகிவிடக் கூடாது. 2023-24இல் அமெரிக்காவில் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் 11,26,690. சராசரி மாணவரின் மதிப்பு அவருடைய சம்பளத்திலும் வரியிலும்தான் இருக்கிறது. அதிலும் ஒரு நுணுக்கம்: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் பொதுவாக முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரியும் முதியோர் மருத்துவத்துக்கான மெடிக்கேர் வரியும் கட்ட வேண்டியதில்லை. படிப்பு முடிந்து ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதியில் முழுநேர வேலை பார்க்கும்போதும் அதே சலுகை. அவர் பங்கு மிச்சம், முதலாளி பங்கும் மிச்சம். உள்ளூர்ப் பட்டதாரி இதைக் கேட்டால் கொதிக்கிறான், கொதிக்க நியாயம் இருக்கிறது. மறுபுறம், கட்டாதவருக்கு அந்த ஓய்வூதியத்தில் உரிமையும் கிடையாது.

முகில்வண்ணன்

அனுப்பும் நாட்டுப் பக்கமும் கொஞ்சம் பேசுவோம். ஒரு நாட்டின் கல்வி ஏற்றுமதி இன்னொரு நாட்டின் இறக்குமதி. வெளிநாட்டுப் படிப்புக்கென்று தாராளமயப் பண அனுப்புதல் திட்டத்தின் கீழ் இந்தியர்கள் 2023-24இல் அனுப்பியது சுமார் 348 கோடி டாலர் என்கிறது ரிசர்வ் வங்கி. இதில் எவ்வளவு நிலத்தை அடகு வைத்த கடன் என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

நேரடியாகவே கேட்கிறேன். இவர்கள் விற்பது படிப்பா, குடியேற்றமா? ஏஜென்ட் முதல் நாளே பேசுவது பாடத்திட்டத்தைப் பற்றியில்லை, பிஆர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை பற்றி. அவருக்குக் கல்லூரி கொடுக்கும் கமிஷன் மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்துதான் போகிறது. குடியேற்ற வாய்ப்பு என்பது அரசின் சொத்து. அதைக் கல்லூரி விற்றுக் காசு பார்க்கிறது.

யாழினி

கடைசி வரி கொஞ்சம் கடுமை, ஆனால் மறுக்க மாட்டேன். பிரிட்டன் அரசின் குடியேற்ற ஆலோசனைக் குழு 2024இல் பட்டதாரி விசாவை, அதாவது படிப்புக்குப் பிந்தைய அந்த வேலை விசாவை, ஆராய்ந்தது. பெரிய அளவில் முறைகேடு இல்லை, விசா தொடரட்டும் என்றது. அதே அறிக்கையில், வளர்ச்சியில் பெரும்பகுதி கட்டணம் குறைந்த, தரவரிசையில் கீழே உள்ள பல்கலைக்கழகங்களின் ஓராண்டு முதுநிலைப் படிப்புகளில்தான் என்றும் சொன்னது. விலை குறைந்த விசா எங்கே கிடைக்கும் என்று சந்தை கண்டுபிடித்துவிட்டது. அதற்காக எல்லாப் படிப்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பேரேடு

இதில் இன்னொரு செலவு உண்டு, யாரும் எழுதுவதில்லை: ஒரே கூடையை நம்பும் ஆபத்து. 2018 ஆகஸ்டில் கனடாவோடு தகராறு வந்ததும் சவுதி அரேபியா தன் மாணவர்களைத் திரும்ப அழைத்தது. மருத்துவமனைகளில் பயிற்சியில் இருந்த சவுதி மருத்துவர்களும் போகிறார்கள் என்றதும்தான் கனடாவுக்கு உறைத்தது, அவர்களுக்குப் பிறகு அவகாசம் கிடைத்தது. 2020இல் ஆஸ்திரேலியா எல்லையை மூடியது, மாணவர்களுக்காகத் திறந்தது 2021 டிசம்பரில்.

அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகம் என்ன செய்தது தெரியுமா? சீன மாணவர்களால் வரும் வருமானம் 20 சதவீதம் குறைந்தால் 6 கோடி டாலர் வரை கிடைக்கும்படி காப்பீடு எடுத்தது. வணிகவியல் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் சேர்ந்து ஆண்டுக்கு 4,24,000 டாலர் பிரீமியம் கட்டின. அந்த வருமானத்தை நம்புவதற்கு என்ன விலை என்று சந்தையிலேயே போய்க் கேட்டவர்கள் அவர்கள். நாடுகள் அப்படிக் காப்பீடு எடுக்க வழியில்லை.

ஆலமரத்தடி

சரி, இங்கிலாந்து இப்போது வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 925 பவுண்டு வரி, 2028 ஆகஸ்ட் முதல் என்று அறிவித்திருக்கிறதே. அந்தப் பணம் உள்ளூர் ஏழை மாணவர்களின் உதவித்தொகைக்காம். இது லாபத்தைப் பங்கிடும் வழிதானே? வாடகைக்குடி கேட்டதுக்கு இது பதிலாகாதா?

வாடகைக்குடி

என் வாடகையை அது குறைக்காது. ஆனால் யாருக்கோ ஏதோ கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போகிறது, இப்போதிருப்பதைவிடப் பரவாயில்லை.

யாழினி

வரி பல்கலைக்கழகத்தின் மேல். அதை யார் தலையில் கட்டுவார்கள் என்பதுதான் கேள்வி. இடத்துக்கு வரிசை நிற்கும் பழைய பெரிய பல்கலைக்கழகம் கட்டணத்தை 925 ஏற்றிவிடும், மாணவர் முனகிக்கொண்டே கட்டுவார். எங்களைப் போன்ற இடங்களில் ஏற்றினால் மாணவர் அடுத்த ஊருக்கோ அடுத்த நாட்டுக்கோ போய்விடுவார். எனவே நாங்களே விழுங்க வேண்டும். அதுவும் நான் முன்னால் சொன்ன அந்த ஓட்டையை அடைக்கும் பணத்திலிருந்துதான் போகும். நிதிப் பிரிவில் இப்போதே ஒரு புது அட்டவணை தயாராகிறது, அதில் இருப்பதெல்லாம் மூட வேண்டிய படிப்புகளின் பெயர்கள்.